ஒற்றர் கதையில் ஓர் உறுத்தல்

‘தி ஃபேமிலி மேன்’ என்னும் இந்தித் தொடரை நாம் விரும்பிப் பார்க்கத் தொடங்கவில்லை. ஒற்றர் கதை என்றால் தாடி வைத்த ஒருவன் குண்டு வைப்பான். நாயகன் அவனைச் சுட்டுவிட்டு வீடு திரும்புவான். வேறென்ன இருக்கப் போகிறது என்றே எண்ணியிருந்தோம். 2021 ஜூன் 4 அன்று வெளிவந்த இரண்டாம் பருவமோ, சென்னையைக் களமாக்கி, ஈழப் போராளிகளைக் கொலைச் சதிகாரர்களாகக் காட்டியது. வெளிவருமுன்பே, தடை விதிக்கக் கோரித் தமிழக அரசு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதிற்று. முஸ்லிமாகவும் தமிழராகவும் உள்ள நமக்கு இருபுறமும் அடி என்றே மயிலாப்பூரில் நம் வீட்டார் பேசிக்கொண்டனர். பிள்ளைகள் வற்புறுத்தவே, 2019இல் வந்த முதற் பருவத்திலிருந்து பார்த்தோம்.

நம் மனத்தை இளக்கியவன் கரீம் என்னும் மாணவன். அவன் பயங்கரவாதி அல்லன். ஆள்வோர் மீது சினங்கொண்ட இளைஞன், அவ்வளவே. ஒற்றர் படை ஐயத்தின் பேரில் அவனைச் சுட்டுக் கொல்கிறது. பிழை தெரிந்த பின்னும் உண்மை புதைக்கப்படுகிறது. நாயகன் ஸ்ரீகாந்தாக வரும் மனோஜ் பாஜ்பாயின் முகத்தில் அந்த உறுத்தல் தங்கிவிடுகிறது. இத்தகைய கதையில் இப்படியொரு குற்றவுணர்வை நாம் எதிர்பார்க்கவே இல்லை.

வள்ளுவர் ‘ஒற்றாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியலாகாது. மூவர் சொல் ஒத்தால்தான் நம்பலாம் என்பது அவர் விதி. ஹதீஸ் கலையும் அறிவிப்பாளரின் நேர்மையையும் நினைவாற்றலையும் ஆராயாமல் எச்செய்தியையும் ஏற்பதில்லை. கரீமின் உயிரோ ஒரே ஐயத்தில் போயிற்று. இயக்குநர்கள் ராஜும் டீகேயும் அதை மறைக்காமல் காட்டியது பாராட்டுக்குரியது.

இரண்டாம் பருவத்தில் தமிழர் தமிழிலேயே பேசுகின்றனர்; விளங்காமல் விழிப்பவர் வடக்கிலிருந்து வந்த அதிகாரிகளே! ராஜியாக வரும் சமந்தா பேசுவது குறைவு. பேருந்திலும் வேலைத்தலத்திலும் அவள் படும் இழிவு அவளுடைய மௌனத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஆயினும் அவளுக்குக் கரிய நிறம் பூசியதை நாம் ரசிக்கவில்லை. உதய் மகேஷ் நடித்த செல்லம் சாரை என்னென்பது! சில காட்சிகளே வருகிறார். ஓய்வு பெற்ற ஒற்றர். கேட்டதற்கெல்லாம் தொலைபேசியில் விடை தருகிறார். காலையில் நம் தெருவில் பால் வாங்க வரும் பெரியவரைப் போன்ற தோற்றம்.

ஒன்று மட்டும் நமக்குப் பொறுக்கவில்லை. நாயகனின் மகளிடம் கல்யாண் என்று பழகியவன் உண்மையில் சல்மான். அவளைக் கடத்தவே வந்தவன். பெயர் மாற்றிப் பெண்களை மயக்குவோர் என முஸ்லிம் இளைஞர்மீது வதந்தி சுமத்தப்படும் காலம் இது. கரீமின் கதையை எழுதத் தெரிந்தவர்கள் இந்த வதந்திக்கு மட்டும் சாட்சி கேளாமல் இடங்கொடுத்தது ஏன்? அக்காட்சியில் நம் கூடத்தில் எவரும் பேசவில்லை. மகள் எழுந்து தேநீர் வைக்கச் சென்றாள். அவள் திரும்பியதும், அடுத்த பகுதியைப் போடச் சொன்னதும் நாமே.