களியாட்ட வரியும் கூத்துக்களரியும்

மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் கூத்து நுழைவுச்சீட்டு வாங்கிக் காணும் பொருளன்று. வட்டக்களரியைச் சூழ இருந்து விடியுமட்டும் காண்போரே அதன் புரவலருமாவர். அண்ணாவியார் ஆட்டம் பழக்கும் மாதங்களின் செலவும், உடுப்புச் செலவும் ஊராராலேயே பகிர்ந்து ஏற்கப்பட்டன. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். கலையின் மதிப்பு உயர்ந்தது; களரியின் சுமையோ ஊரின் தோளிலேயே தங்கிற்று.

1946ஆம் ஆண்டின் களியாட்ட வரிக் கட்டளைச் சட்டம் நுழைவுக் கட்டணத்தின்மீது வரி விதிக்கும் உரிமையை உள்ளூராட்சி மன்றங்களுக்கு அளித்தது. திரைப்படம் பார்ப்போர் செலுத்தும் அவ்வரியில் ஒரு பங்கைக் கூத்துக்கென ஒதுக்குதல் நியாயமேயாம்.

அமெரிக்காவின் டென்வர் வட்டாரத்தில் 1988இல் வாக்காளரின் இசைவோடு, பத்து டொலர் விற்பனைக்கு ஒரு சதம் வீதம் கலை, அறிவியல் நிறுவனங்களுக்கென வரி விதிக்கப்பட்டது. ஆயின் அப்பணத்தின் பெரும்பங்கு பெரிய நிறுவனங்களையே சேர்கிறது. இஃது நமக்கு எச்சரிக்கையாதல் வேண்டும். பதிவும் கணக்கறிக்கையும் உடைய மன்றங்களுக்கே நிதி எனின், அலுவலகமில்லாத அண்ணாவியார் வெளியே நிற்பார். வரிப்பணம் பொன்னாடைக்கும் ஒருநாள் விழாவுக்குமே செலவாகும்.

ஆதலின், பங்கு எவ்வளவு என்பதினும் அதனைப் பகிர்பவர் யார் என்பதே முதன்மையான வினா. ஆட்டம் பழகும் மாதங்களுக்கே பணம் செல்லவேண்டும்; அதனைத் தீர்மானிக்கும் அவையில் அண்ணாவிமாரும் ஊராரும் அமர்தல் வேண்டும். அன்றேல், ஊரின் கலை அலுவலகத்தின் கலையாய்ச் சுருங்கும்.