ஆழமும் பருவமும்: உழவு யந்திரங்களைப் பற்றி ஒரு மதிப்பீடு

பூமியை உழுவதற்கென்று மனிதன் செய்த எந்த யந்திரத்தையும் இரண்டு கேள்விகளால் பரீட்சித்துவிடலாம்: அது எவ்வளவு ஆழம் உழுகிறது என்பது ஒன்று, எவ்வளவு விரைவில் உழுது முடிக்கிறது என்பது மற்றொன்று. சென்னைக்குத் தெற்கே, சைதாப்பேட்டையிலிருந்து தாம்பரம், வண்டலூர், கேளம்பாக்கம் வரையில் பரந்து கிடந்த ஏரிப் பாசன நிலங்களில் இந்த யந்திரங்கள் அடைந்த அனுபவத்தை நோக்கினால், அவற்றைக் கொண்டுவந்தவர்கள் முதற்கேள்வியையே பெரிதாக மதித்தார்கள் என்பதும், ஏற்றுக்கொண்ட குடியானவர்கள் இரண்டாவதற்காகவே ஏற்றார்கள் என்பதும் புலனாகும். யந்திர உழவின் குணதோஷங்களிற் பெரும்பாலானவற்றை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே விளக்கிவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

சென்னை மாகாணத்தின் கவர்னராக 1861 முதல் 1866 வரை இருந்த சர் வில்லியம் டெனிசன், இந்நாட்டு விவசாயத்தின் பின்னடைவுக்குக் கருவிகளின் குறையே முக்கிய காரணம் என்று கருதி, நீராவிக் கலப்பை உள்ளிட்ட பல சாதனங்களைச் சீமையிலிருந்து தருவித்தார். அவற்றைப் பரீட்சிப்பதற்காக 1865ஆம் ஆண்டில் சைதாப்பேட்டையில் சர்க்கார் பண்ணை ஏற்பட்டது. அக்காலத்து நீராவிக் கலப்பை தானே வயலில் இறங்கிச் செல்வதன்று. ஓரத்தில் நிற்கும் கனத்த எஞ்ஜின், வயலின் குறுக்கே கம்பி வடத்தால் கலப்பையை இழுக்கும். நீண்டு அகன்ற வயல்களும், மலிவான நிலக்கரியும், எஞ்ஜினைத் தாங்கும் பாதைகளும் உள்ள இங்கிலாந்தில் சிறந்து விளங்கிய அந்த ஏற்பாடு, வரப்புக்கு வரப்பு சொந்தக்காரர் மாறும் நம் நாட்டுக் குடியானவரின் வாசலை எட்டவே இல்லை. பண்ணையை ஒட்டி வளர்ந்த விவசாயக் கல்வி 1906ல் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்து இன்று பல்கலைக்கழகமாகத் தழைத்திருக்கிறது, கலப்பைதான் தழைக்கவில்லை. 1889ல் இந்தியாவுக்கு வந்து 1893ல் அறிக்கை வெளியிட்ட விவசாய ரசாயன நிபுணர் வோல்க்கர், நாட்டுக் கலப்பை மேலாக உழுவதற்கு மாட்டின் வலிமை, மண்ணின் ஈரம், கருவியின் விலை ஆகியவற்றில் நியாயம் உண்டென்று எடுத்துக்காட்டியது, ஆழத்தையே வழிபட்ட கொள்கைக்குத் தக்க மறுமொழியாயிற்று.

அகல உழுவதைவிட ஆழ உழுவதே மேல் என்னும் பழமொழி நம்மிடமே உண்டே என்று ஆட்சேபிக்கலாம். புன்செய்ப் புழுதி உழவுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். நஞ்சையிலோ, தலைமுறை தலைமுறையாகச் சேடை ஓட்டி மண்ணைச் சேறாக்கியதனால் சாலுக்குக் கீழே இறுகிய மண்படை ஒன்று அமைந்திருக்கிறது. மதகு வழியே வந்த ஏரி நீரை வயலில் தேக்கி வைப்பது அதுதான். அதைக் கிழித்துச் செல்லும் உழவு, நிற்க வேண்டிய நீரைப் பாதாளத்துக்கு அனுப்புவதோடு, அடுத்த பருவத்தில் மாட்டின் குளம்புக்கும் சக்கரத்துக்கும் ஊன்ற இடமில்லாமற் செய்துவிடும்.

ஆழத்தைக் காக்கும் வேலையை யந்திரத்தினிடமே ஒப்படைத்த பெருமை அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குஸனுக்கு உரியது. அவர் வகுத்த மும்முனை இணைப்பில், மண்ணின் எதிர்ப்பு மிகும்போது நீரழுத்த விசை கலப்பையைத் தானே சற்று உயர்த்தும்; எதிர்ப்புக் குறைந்தால் தாழ்த்தும்; கலப்பையின் பாரமும் பின்சக்கரங்களின் மேல் சாய்வதனால், இலேசான டிராக்டரும் வழுக்காமல் இழுக்கும். அந்தப் பரம்பரையில் வந்த மாஸி பெர்குஸன் டிராக்டர்களைச் செய்வதற்காக 1960ல் சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றி, வடசென்னைச் செம்பியத்தில் தொழிற்சாலை கண்டது. நகரத்தின் தென்திசையில், கேளம்பாக்கத்தில், 1964ல் ஜே-பண்ணை என்னும் ஆராய்ச்சிப் பண்ணையையும் நிறுவியது. சைதாப்பேட்டை முயற்சிக்கும் இதற்கும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இடைவெளி. இம்முறை யந்திரம், நிலத்துக்கு எவ்வளவு ஆழம் வேண்டுமோ அவ்வளவில் நிற்கக் கற்றிருந்தது.

ஆயினும் குடியானவர் அதை விரும்பியது அந்த நுட்பத்துக்காக அன்று. செங்கற்பட்டுச் சீமையில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பருவங்கள் நெருங்கி வரும். சம்பா அறுவடைக்கும் நவரை நடவுக்கும் நடுவிலுள்ள சில நாட்களில் தாளை மடக்கி, சேடை ஓட்டி, பரம்படித்து முடிக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் ஏரியில் நீர் குறைந்துகொண்டே போகும். நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை ஏக்கர் உழும் ஒரு ஜோடி மாடு, நிலத்தை மூன்று நான்கு முறை உழ வேண்டிய இடத்தில், ஓர் ஏக்கருக்கே ஒரு வாரத்தை விழுங்கிவிடும். கூண்டுச் சக்கரம் பூட்டிய டிராக்டர் அவ்வேலையைச் சில மணி நேரத்தில் முடிக்கிறது. யந்திரத்தின் மெய்யான சிறப்பு இதுவே: அது மண்ணை வென்றதினும் காலத்தை மீட்டுக் கொடுத்தது பெரிது.

இதற்கு எதிராக, ஜே. சி. குமரப்பா போன்ற காந்தியப் பொருளாதார அறிஞர்கள், மாடு உழவோடு எருவும் தருமென்றும், டிராக்டரோ எண்ணெயைக் குடித்து எதையும் திருப்பித் தராதென்றும் வாதித்தார்கள். மண்ணின் நலத்தை எண்ணினால் அந்த வாதம் இன்றும் பழுதற்றது. ஆனால் மாட்டு ஏரைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுவோர், அதைப் பிடித்த கையை மறந்துவிடலாகாது. செங்கற்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹியர் 1891ல் எழுதிய அறிக்கை, தாழ்த்தப்பட்ட மக்கள் கடனாலும் சொந்த மனையில்லாமையாலும் மிராசுதாரர்களிடம் படியாட்களாகக் கட்டுண்டு கிடந்த நிலையைக் காட்டுகிறது. நுகத்தடி மாட்டின் கழுத்தில் மட்டும் இருந்ததில்லை. டிராக்டர் அந்தக் கட்டைத் தளர்த்த உதவியது என்பது குணம். கட்டு தளர்ந்தவனுக்கு நிலத்தையோ வேறு ஜீவனத்தையோ அதனால் தர முடியவில்லை என்பது தோஷம்.

அதனினும் பெரிய தோஷம் அதன் சிறப்பினுள்ளேயே மறைந்திருக்கிறது. டிராக்டர் செம்பியத்திலிருந்து வரத் தொடங்கிய அதே காலத்தில், 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம், ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று எல்லை வகுத்தது. 1970ல் அது 15 ஆகக் குறைந்தது. பெரும் பரப்பில் ஓடினால்தான் முதலீடு கட்டுப்படியாகும் யந்திரமும், பரப்பைச் சுருக்க முயன்ற சட்டமும் ஒருங்கே நாட்டுக்குள் நுழைந்தபோது, பெரும்பாலான குடியானவர்களுக்கு வாடகை வண்டியே கதியாயிற்று. வாடகையில் என்ன நேர்கிறது? நீர் திறந்த அந்த ஒரே வாரத்தில் ஊரார் அனைவருக்கும் டிராக்டர் வேண்டியிருக்கிறது; உடைமைக்காரர் தம் நிலத்தை முடித்து, ஐந்து ஏக்கர்க்காரருக்கு ஓட்டி, இறுதியில்தான் முக்கால் ஏக்கர்க்காரரிடம் வருகிறார். இவ்வாறு, மீட்கப்பட்ட காலம் உடையவனுக்குச் சொத்தாகவும், இல்லாதவனுக்குக் காத்திருப்பாகவும் பிரிந்துவிட்டது. சிறு வயலின் மூலைகளில் திரும்ப முடியாமல் வரப்பைச் சிதைப்பதும், ஆழ்சேற்றில் புதைவதும் இதற்கு மேலான சில்லறைத் தொல்லைகள்.

பவர் டில்லர் இந்தக் குறையை ஓரளவு போக்கியது. ஆஸ்திரேலியாவில் கிளிஃபோர்ட் ஹோவர்டு 1912ல் தொடங்கிய சுழல் உழவுப் பரிசோதனைகளின் வழியில் வளர்ந்து, ஜப்பானியரின் சிறு நெல் வயல்களில் பக்குவப்பட்ட இந்த இருசக்கர யந்திரம், சுழலும் கத்திகளால் உழவையும் சேறாக்குதலையும் ஒருசேர முடிக்கிறது, மூலையில் திரும்புகிறது, விலையும் குறைவு. ஆனால் ஓட்டுபவன் அதன் அதிர்வைக் கைகளில் வாங்கிக்கொண்டு, சேற்றில் மைல் கணக்காக நடக்க வேண்டும்; காய்ந்த புன்செய்யில் அதே கத்திகளை அடிக்கடி ஓட்டினால் மண்ணின் கட்டு கெட்டுப் பொடியாகிவிடும்.

தாம்பரத்தைச் சூழ்ந்த ஏரிகளின் ஆயக்கட்டில் பெரும்பகுதி இன்று வீட்டுமனைகளாகிவிட்டதால், இந்த விவாதம் அங்கே காலங்கடந்தது எனலாம். ஆனால் அதற்குத் தெற்கே இன்னும் நெல் விளையும் ஊர்களுக்கு அது நாளைய விஷயமே. வேளாண்மைப் பொறியியல் துறை யந்திரங்களை வாடகைக்கு விடுகிறது; அது நல்ல ஏற்பாடே. எனினும் முன்பதிவு செய்தவருக்கு முதலில் என்ற முறை, செல்வாக்கும் தகவலும் உள்ளவருக்கே முதலில் என்பதாக எளிதில் மாறிவிடும். ஏரி நீரை மடை வாரியாக, முறை தவறாமல் நீர்க்கட்டி என்னும் ஊர்ப் பணியாளர் பங்கிட்டு விடும் வழக்கம் நம் ஊர்களில் நெடுங்காலமாக உண்டு. யந்திரத்தையும் தனியுடைமையாக மதிக்காமல், ஆயக்கட்டின் பொதுநீரைப் போலவே மதித்து, நீர் பாயும் வரிசையிலேயே வயலுக்கு வயல் ஓட்டும் கடமையை ஊர்ப் பாசனச் சங்கத்தினிடம் ஒப்படைத்தால், கடைமடைக்காரனுக்கும் பருவம் தவறாது. எஞ்ஜினின் குதிரைச் சக்தியைப் பெருக்குவதினும் இந்த ஏற்பாட்டைச் செய்வது கடினந்தான். இத்தனை ஆண்டுகளாக நாம் எளிதானதையே செய்து வந்திருக்கிறோம்.