பி. லாலின் பதிப்புப் பணியும் மறுபடைப்புக் கொள்கையும்: ஒரு மதிப்பீடு

மொழிபெயர்ப்பு வளர்வதற்கு மொழிபெயர்ப்பாளர் மட்டும் போதார். அச்சிடுவோரும் படிப்போரும் மதிப்பிடுவோரும் வேண்டும். விடுதலைக்குப் பிந்திய கொல்கத்தாவில் ஆங்கிலத்தில் எழுதிய இந்தியர்க்கு இத்தகைய சூழலை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் புருஷோத்தம லால் (1929-2010). கபூர்தலாவில் பிறந்து, கொல்கத்தா தூய சவேரியார் கல்லூரியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்த இவர், 1958இல் எழுத்தாளர் சிலருடன் ரைட்டர்ஸ் ஒர்க்ஷாப் என்னும் அமைப்பைத் தொடங்கினார்.

லேக் கார்டன்ஸ் பகுதியிலிருந்த அவரது இல்லமே பதிப்பகமாயிற்று. எழுத்துகளைக் கையால் கோத்து அச்சிடுதல், கைத்தறிச் சேலைத் துணியால் கட்டுதல், தலைப்புகளை லாலே அழகெழுத்தில் வரைதல் ஆகியன இந்நூல்களின் அடையாளங்கள். இம்முறையில் மூவாயிரத்திற்கும் மேற்பட்ட நூல்கள் வெளிவந்தன. விக்ரம் சேத்தின் முதற் கவிதைத் தொகுப்பும் அவற்றுள் ஒன்று. இந்தியர் ஆங்கிலத்தில் கவிதை எழுதுவதன் பொருத்தத்தை வங்கக் கவிஞர் புத்ததேவ போஸ் மறுத்தபோது, லால் கவிஞர்களிடம் வினாநிரல் அனுப்பி விடைகளைத் திரட்டினார். அவற்றைக் கவிதைகளோடு 1969இல் தொகுத்தளித்தார். வாதத்திற்குச் சான்றுகளால் விடையிறுத்த முறை இது.

தமிழாய்வாளர் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஏ.கே. இராமானுஜன் ஆங்கிலமாக்கிய குறுந்தொகைப் பாடல்கள் பதினைந்து, 1965இல் சிறு நூலாக வெளிவந்தது இப்பதிப்பகத்தின் வாயிலாகவே. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பதிப்பாக அவரது விரிந்த தொகுப்பு வந்தது 1967இல்தான். சங்கக் கவிதையின் உலகப் பயணத்தில் ஒரு கொல்கத்தா இல்லமும் இடைவழித் தங்கலாக அமைந்தது எனலாம்.

தம் மொழியாக்கத்தை லால் 'டிரான்ஸ்கிரியேஷன்', அதாவது மறுபடைப்பு, என்றழைத்தார். இச்சொல் மூலத்தினின்று விலகும் உரிமையை உணர்த்துவது. ஆயின் 1968 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த அவரது மகாபாரதம் சுலோகத்திற்குச் சுலோகம் செல்வது, சுருக்குதலை ஏலாதது. கொள்கையின் பெயருக்கும் செயல்முறைக்கும் உள்ள இம்முரண் மேற்போக்கானதே. மறுபடைப்பு என்பது இங்குப் பொருளில் விலகுவதன்று, ஒலிநயத்தை மீட்டமைப்பதே. 1999 முதல் கொல்கத்தா நூலகமொன்றில் வாரந்தோறும் அவர் தம் மொழியாக்கத்தை உரக்கப் படித்தமை இதனை அரண்செய்யும். செவிக்குரிய காப்பியம் வேற்று மொழியிலும் செவிக்கே உரியதாயிற்று.

எழுத்தாளரே நூறு படிகளை வாங்கவேண்டும் என்னும் ஏற்பாடு குறைகூறப்பட்டது. பொருள்வசதி அற்றோர்க்கு அது தடையாகவே இருந்திருக்கும். தேர்வு பெரும்பாலும் ஒருவர் கையிலிருந்தமையால், வெளியானவற்றின் தரமும் சீராக இல்லை. எனினும் வணிகப் பதிப்பகங்கள் கவிதையையும் மொழியாக்கத்தையும் ஏற்கத் தயங்கிய காலத்தில், வேறெவ்வழி இருந்தது என்பதும் எண்ணத்தக்கது. கதவைத் திறந்து வைத்தல் ஒரு பணி. வந்தவற்றைத் தரம்பிரித்தல் மற்றொரு பணி. முதற்பணியை லால் வாழ்நாள் முழுதும் ஆற்றினார். இரண்டாவது, மொழிபெயர்ப்புத் திறனாய்வாளர்க்கு உரியது, இன்னும் எஞ்சியிருப்பது.