‘வேணும்’ என்ற பிழை: முத்துக்குளித்துறை விசுவாசம் பற்றி ஒரு குறிப்பு

என் பையனுக்கு வயது பதினொன்று. போன மாதம் மறைக்கல்வித் தேர்வுக்கு அவனைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தேன். நான் கேள்வி கேட்பேன், அவன் பதில் சொல்வான். இருபது கேள்வி, இருபதும் சரி. புத்தகத்தை மூடும்போது கேட்டான்: “அப்பா, பதில் தெரிஞ்சா போதுமா, இல்ல நம்பவும் செய்யணுமா? நான் நம்புறேனான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“நேரமாச்சு, போய்த் தூங்கு” என்று சொல்லித் தப்பித்துவிட்டேன். அவன் தூங்கிவிட்டான். நான் தூங்கவில்லை. பிறந்த சில நாட்களில் ஞானஸ்நானம் வாங்கிய தூத்துக்குடிக்காரன் நான். என் விசுவாசம் நான் வளர்த்ததா, வீட்டோடு வந்ததா என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

ஆனால் எங்கள் கடற்கரையிடம் இந்தக் கேள்வியை ஒருவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். அதற்கு வந்த பதில்களை நாம் சரியாக வாசித்திருக்கிறோமா என்பதுதான் இந்தக் குறிப்பு.

ஒரு சொல்லைத் திருத்திய கடிதம்

1542 அக்டோபரில் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். பரதவர்கள் திருமுழுக்குப் பெற்று ஐந்தாறு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த மாதக் கடைசியில் தூத்துக்குடியிலிருந்து இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி சொல்கிறார். என்ன விசுவசிக்கிறீர்கள் என்று இந்த மக்களைக் கேட்டால், நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. போர்ச்சுக்கீசிய மொழி தெரியாததால் கட்டளைகளும் தெரியவில்லை.

அவர் செய்தது ஒரு பொறியாளர் செய்கிற காரியம். இரண்டு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டி, பல நாள் உட்கார வைத்து, விசுவாசப் பிரமாணத்தையும் மற்ற செபங்களையும் தமிழில் பெயர்க்க வைத்தார். அதை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் இதெல்லாம் இருக்கிறது. பிரமாணத்தின் ஒவ்வொரு வரிக்கும் விசுவசிக்கிறீர்களா என்று கேட்பார். சனங்கள் நெஞ்சில் கைகளைக் குறுக்காக வைத்து ஆமென்பார்கள்.

நமக்கு வேண்டிய இடம் இதற்குப் பிறகு வருகிறது. சவேரியாரின் துணையாளர் மன்சிலாஸ் அதே கரையில் வேலை செய்தவர். அவருக்கு எழுதிய கடிதங்களில் ஒன்றில் சவேரியார் மொழிபெயர்ப்புப் பிழை ஒன்றைத் திருத்துகிறார். பிரமாணத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் தமிழில் ‘எனக்கு வேணும்’ என்று இருந்திருக்கிறது. வேணும் என்றால் விரும்புகிறேன் என்று பொருள். அந்த இடத்தில் விசுவாசம் என்ற சொல்லைப் போடச் சொல்லுங்கள் என்கிறார்.

அதாவது, இந்தத் திருத்தம் வரும்வரை எங்கள் கடற்கரையில் சனங்கள் நெஞ்சில் கைவைத்துச் சொன்னது ‘கடவுளை விசுவசிக்கிறேன்’ என்றல்ல. ‘எனக்குக் கடவுள் வேணும்’ என்று!

இந்தக் கடிதத்தை எடுத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு வேடிக்கையாகத்தான் சொல்கிறார்கள். தமிழ் தெரியாத ஒரு வெளிநாட்டுச் சாமியார் பட்ட பாட்டுக்கு உதாரணம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தக் கரையின் விசுவாச வரலாற்றில் இதைவிட உண்மையான சொல் இல்லை என்று நினைக்கிறேன்.

இரண்டு வாசிப்புகள்

பரதவர் மனமாற்றத்தைப் பற்றி நாம் வழக்கமாகக் கேட்பது இரண்டு கதை.

முதலாவது கோயில் திருவிழா மலர்களில் வரும் கதை. சவேரியார் வந்தார், கை சோரும்வரை ஞானஸ்நானம் கொடுத்தார், கடற்கரை விசுவாசத்தில் மூழ்கியது. இதில் 1536-37 ஒரு ஓரமாகிவிடும். ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றது அப்போதுதான், சவேரியார் வருவதற்கு முன்பு.

இரண்டாவது, கொஞ்சம் வரலாறு படித்தவர்கள் சொல்வது. முத்து வணிகத்தில் போட்டி, 1530களில் மோதல், உயிருக்கும் தொழிலுக்கும் ஆபத்து. குதிரை வணிகரான ஜொவான் த குரூஸ் வழிகாட்ட, பரதவத் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்கிறார்கள். பாதுகாப்புக்குப் பதிலாக ஞானஸ்நானம், போர்ச்சுக்கீசியருக்கு முத்துச்சலாபம். ஆகவே இது அரசியல், இதில் விசுவாசம் எங்கே என்று முடிப்பார்கள்.

தகவல் அளவில் இரண்டாவது கதை சரி. ஆனால் அதன் முடிவு அவசரமானது. தேவையில் தொடங்கிய எதுவும் தேவையாகவேதான் முடியும் என்று அது எடுத்துக்கொள்கிறது. பெற்றோர் பார்த்துச் செய்து வைத்த கல்யாணத்தில் அன்பு இருக்காது என்று சொல்வது போன்றது இது. முதல் நாளில் அது இல்லாமல் இருக்கலாம். முப்பதாவது வருஷத்தைப் பற்றி முதல் நாளை வைத்து என்ன சொல்ல முடியும்?

இந்த இரண்டையும் தாண்டிப் போனவர் சூசன் பெய்லி. பரதவர் கத்தோலிக்கம் அரைகுறை மதமாற்றம் அல்ல என்பதையும், ஜாதித் தலைவன், பனிமய மாதா திருவிழா, தேர் இவற்றோடு சேர்ந்து அந்தச் சமூகத்தின் சொந்த அமைப்பாகவே அது ஆனதையும் அவர் எழுத்துதான் எனக்குப் புரிய வைத்தது. என் குறை ஒன்றே ஒன்று. அவர் காட்டுவது தெருவில் நடக்கும் விசுவாசம்: தேர், மரியாதை, வழக்கு, தலைமை. வீட்டுக்குள்ளும் தோணிக்குள்ளும் நடப்பது அந்தப் படத்தில் மங்கலாகத்தான் தெரிகிறது. ‘வேணும்’ என்ற சொல் புழங்குவது அங்கேதான்.

பதில் அச்சிடப்படாத கேள்விகள்

சவேரியாருக்குப் பிறகு வந்த ஹென்றிக்கே ஹென்றீக்கஸை நாம் அண்டிரிக்கு அடிகளார் என்கிறோம். 1546-இல் இந்தியா வந்து, 1600-இல் இறக்கும்வரை இந்தக் கரையோடு வாழ்ந்தவர். 1578-இல் கொல்லத்தில் அச்சான 16 பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ அவர் பெயரைத் தமிழ் அச்சு வரலாற்றில் நிறுத்தியது. இந்திய எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் என்று கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். அடுத்த வருஷம் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’. அது ஆசிரியர் கேட்க, மாணவர் சொல்லும் அமைப்பு. என் பையனின் மறைக்கல்விப் புத்தகத்துக்குக் கொள்ளுத்தாத்தா.

ஆனால் என் பார்வையில் முக்கியமானது மூன்றாவது நூல்: 1580-இல் வந்த ‘கொம்பெசியோனாயரு’, பாவசங்கீர்த்தனக் கையேடு. அச்சு முதன்மை பற்றிப் பேசுபவர்கள் இதைப் பட்டியலில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஏன் முக்கியம்? முந்தைய நூலிலும் கேள்விகள், இதிலும் கேள்விகள். ஆனால் மறைக்கல்வி நூலில் கேள்விக்குக் கீழே பதிலும் அச்சாகியிருக்கிறது. பாவசங்கீர்த்தனக் கேள்விக்குக் கீழே பதில் அச்சாக முடியாது. பத்துக் கட்டளைகளின் வரிசையில் நீ இதைச் செய்தாயா, அதைச் செய்தாயா என்று கேட்டால், ஒவ்வொருவரும் தன் நாளைத்தான் திரும்பிப் பார்த்துச் சொல்ல வேண்டும். கடலுக்குப் போனது, கடன் வாங்கினது, பொண்டாட்டியை அடிச்சது, குறி கேட்கப் போனது எல்லாம் அங்கே வந்தாக வேண்டும். எங்கள் தொழில் மொழியில் சொன்னால், முதலாவது டெஸ்ட் கேஸ். எதிர்பார்க்கும் விடை முன்பே எழுதியிருக்கும். இரண்டாவது லாக் ஃபைல். சிஸ்டம் ஓடினால்தான் அதில் ஏதாவது இருக்கும்.

இதை ரொம்பவும் புனிதமாக்க வேண்டாம். பாவசங்கீர்த்தனம் குருக்கள் சனங்களைக் கண்காணித்த வழியும்தான். ஆனால் தமிழில் ஒரு சாதாரண மனிதனிடம் ‘இன்றைக்கு நீ எப்படி வாழ்ந்தாய்’ என்று தனியாகக் கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் ஒரு நூல் அச்சான காலம் அது. விசுவாசம் அன்றாடத்துக்குள் இறங்கிய இடமாக நான் அதைப் பார்க்கிறேன்.

சுறாவும் கயிறும்

அன்றாடம் அவ்வளவு சுத்தமாக இருக்காது என்பதற்கு எங்கள் கடலிலேயே சாட்சி இருக்கிறது. முத்துக்குளிப்பில் சுறா பயம் உண்டு. அதற்குக் கடல்கட்டி என்பவர் வந்து மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவார். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோவே இந்த மந்திரக்காரர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு. கடல் பரதவருடையதாகவும் பரதவர் கத்தோலிக்கராகவும் ஆகி 300 வருஷம் கழித்தும் கடல்கட்டி போகவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மன்னார் வளைகுடாவின் மறுகரையில், இலங்கையின் அரிப்புப் பக்கம் நடந்த முத்துக்குளிப்பைப் பார்த்த எமர்சன் டென்னன்ட் ஒரு விசேஷம் எழுதுகிறார். அப்போது கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவரே ஒரு ரோமன் கத்தோலிக்கர்! அவருக்கு உடம்பு சரியில்லாததால் ஓர் ஆளை அனுப்பியிருந்தார். வந்தவருக்கு மந்திரம் தெரியாது. ஆனாலும், தலைவரின் பிரதிநிதி என்பதற்காகவே சுறாக்கள் மரியாதை கொடுக்கும் என்றாராம்.

டென்னன்ட் நகைச்சுவையோடு சொல்கிறார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு தோணியில் நிற்கும் ஆளின் இடத்தில் நின்று பார்த்தேன். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கணும். மேலே கயிற்றைப் பிடித்திருக்கிறவன் இழுத்தால்தான் உயிர். அதனால்தான் கயிறு பிடிப்பவன் மச்சானாக இருக்கணும், அக்காள் தங்கச்சி தாலி அறுவதை அவன் விடமாட்டான் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். மாதாவைக் கூப்பிட்டு, கடல்கட்டியைக் கூப்பிட்டு, மச்சான் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு இறங்கியவனிடம் போய் ‘உன் விசுவாசம் தூய்மையானதா’ என்று கேட்பது அபத்தம். அவனுக்கு வேணும். அவ்வளவுதான். அந்த ‘வேணும்’ யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பது அவன் வாழ்நாள் முழுக்கக் கற்றுக்கொள்ளும் பாடம்.

ஒரு நாவலின் முடிவு

அந்தப் பாடம் எங்கே கொண்டு போய் விடும் என்று காட்டிய எழுத்து ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004). நாவலைப் படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். கடலில் மாட்டிக்கொண்ட மூன்று பேர்: கோத்ரா, சூசை, இளைஞன் சிலுவை. கடைசியில் பெரியவர்கள் இருவரும் சிலுவை பிழைக்கட்டும் என்று தங்களை விட்டுக்கொடுக்கிறார்கள். ஆமந்துறையின் சண்டை, துரோகம், காமம், சாராயம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இந்த இடத்துக்கு வருகிறோம். இந்த மனிதர்கள் புனிதர்கள் இல்லை. குறிப்பாக சூசை இல்லை. ஆனால் மூழ்கும்போது ‘எனக்கு வேணும்’ என்பது ‘அவன் வாழணும்’ என்று ஆகிவிடுகிறது. நாவலாசிரியர் அங்கே வேதம் பேசவில்லை. பேசியிருந்தால் நாவல் கெட்டிருக்கும். சிலுவை என்ற பெயர் மட்டும் கொஞ்சம் அதிகம் என்று முதல் வாசிப்பில் நினைத்தேன். எங்கள் ஊரில் சிலுவை என்று பெயர் உள்ளவர்களை நினைத்துப் பார்த்ததும் அந்தக் குறையும் போய்விட்டது. அது அங்கே சாதாரணப் பெயர்.

சவேரியார் செய்தது சரிதான்

‘வேணும்’ போதும் என்று நான் சொல்லவில்லை. இன்று பல மேடைகளில் கேட்பது வெறும் ‘வேணும்’தான்: வீடு வேணும், விசா வேணும், சுகம் வேணும். அது ஒரு பட்டியலாகவே நின்றுவிட்டால் அதற்குக் கடல்கட்டியே போதும், கடவுள் தேவையில்லை. சவேரியார் திருத்தியது அதனால் சரி. ஆனால் திருத்தியது ஒரு சொல்லை. சொல்லுக்குப் பின்னால் இருக்கும் ஆளைத் திருத்த ஒரு கடிதம் போதாது, வருஷங்கள் வேணும். அதற்கும் அவரே ஒரு வழி செய்து வைத்திருந்தார். செபம் மனப்பாடமான பிள்ளைகளை நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பினார். போய்ப் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று விசுவாசப் பிரமாணம் சொல்ல வேண்டும். பொருள் புரியாமல் மனப்பாடம் செய்த வரி, காய்ச்சலில் கிடக்கும் ஒருத்தருக்கு முன்னால் சொல்லும்போது வேறு மாதிரிக் கேட்டிருக்கும்.

எனக்கும் ஒரு ‘வேணும்’ இருந்தது. சில வருஷம் முன்பு வேலை போயிற்று. நாலு மாதம் தினமும் காலைப் பூசைக்குப் போனேன். ஒரே செபம்: வேலை வேணும். கிடைத்தது. மறுநாள் காலை போவதற்கு எந்தக் காரணமும் இல்லை. எழுந்தேன், போனேன். என்ன கேட்பது என்று தெரியாமல் கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி இருமிக்கொண்டே இருந்தார். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது. என் விசுவாசத்துக்குத் தேதி கேட்டால், ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கும் தேதியை விட்டுவிட்டு இந்த நாளைத்தான் சொல்வேன்.

பையன் மறுபடி கேட்டான், விடுவானா? தேர்வில் முழு மார்க் வாங்கியிருந்தான். “நம்புறியான்னு இப்பவே தெரியணும்னு இல்லடா. உனக்கு அவர் வேணுமா, அதை மட்டும் பாரு” என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “பரீட்சைக்கு முந்தின நாள் வேணும்னு இருந்துச்சு. இப்ப தெரியலப்பா” என்றான்.

பதில் எந்தப் புத்தகத்திலும் அச்சாகாதது. முழு மார்க் போட்டேன்.