வரிசைக் கொள்கையின் குணமும் குற்றமும்

ஸ்விட்சுகளிலும் ரௌட்டர்களிலும் கியூ.ஓ.எஸ். என்ற பெயரால் அமைக்கப்படும் வரிசைக் கொள்கைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கட்டளைகளையே விவரிக்கின்றார்கள். அக்கட்டளைகள் எந்த நிலைமையில் பயன் தருகின்றன, எந்த நிலைமையில் தீங்கு விளைக்கின்றன என்று சீர்தூக்கிப் பார்ப்பவர் சிலரே. ஒரு போர்ட்டின் வழியே வெளியேறக்கூடிய அளவுக்கு மிகுதியாகப் பாக்கெட்டுகள் வந்து சேரும்பொழுது, அவற்றுள் சில காத்திருக்க வேண்டும், காத்திருக்க இடம் கிடைக்காதவை விழ வேண்டும். எது காத்திருப்பது, எது விழுவது என்பதைத் தற்செயலுக்கு விட்டுவிடாமல் முன்கூட்டியே நிர்ணயித்து வைப்பதே இக்கொள்கையின் சாரம். லிங்கின் வேகத்தில் அது ஒரு பிட்டைக்கூடக் கூட்டித் தருவதில்லை. ஒரு பிரவாகத்தின் தாமதத்தைக் குறைத்ததென்றால் அந்தத் தாமதத்தை வேறொரு பிரவாகத்தின் தலையில் ஏற்றியிருக்கிறது என்றே பொருள். யார் தலையில் ஏற்றுகிறோம் என்று கேளாமலே பல அலுவலகங்களில் கொள்கைகள் எழுதப்படுகின்றன என்பதுதான் எனக்குள்ள குறை.

இம்முறை பிறந்த காலத்தில் அதற்கிருந்த நியாயம் மறுக்கவொண்ணாதது. 64 கிலோபிட் வேகமுள்ள லீஸ்டு லைனில் 1500 பைட் பாக்கெட் ஒன்றை அனுப்பி முடிக்க 187 மில்லி விநாடிக்கு மேலாகும். பேசுபவரிடமிருந்து கேட்பவரிடம் குரல் சென்று சேரும் தாமதமோ 150 மில்லி விநாடியைத் தாண்டாதிருப்பது நன்று என்கிறது ஐ.டி.யு.வின் ஜி.114 பரிந்துரை. ஒரே ஒரு கோப்புப் பாக்கெட் முன்னால் நின்றாலே உரையாடல் சிதைந்துவிடுமாதலால், குரலுக்கு முன்னுரிமை தருவதோடு நில்லாமல் பெரிய பாக்கெட்டுகளைத் துண்டாக்கவும் வேண்டியிருந்தது. 10 மெகாபிட் லிங்கில் அதே பாக்கெட் 1.2 மில்லி விநாடியில் சென்றுவிடுகிறது. 1 கிகாபிட்டில் 12 மைக்ரோ விநாடி போதும். தனியொரு பாக்கெட்டால் நேர்ந்த இடர் ஒழிந்து, நீண்ட வரிசையால் நேரும் இடர் மட்டுமே இன்று எஞ்சியுள்ளது.

அந்த இடருக்குக் குரலைப் பொறுத்தவரை இக்கொள்கை நல்ல மருந்து என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஜி.711 முறையில் ஓர் அழைப்பு விநாடிக்கு 50 பாக்கெட்டுகளை, தலைப்புகள் உட்பட ஒவ்வொன்றும் 200 பைட் வீதம், சீராக அனுப்புகிறது. ஒரு திசைக்கு 80 கிலோபிட்தான். இவ்வளவு சிறியதும் ஒழுங்குள்ளதுமான பிரவாகத்தை எல்லாவற்றுக்கும் முன்னே அனுப்புவதால் மற்றவை அடையும் நஷ்டம் அற்பம், அது அடையும் லாபமோ பெரிது. ஆயின், இந்த முன்னுரிமை வரிசைக்கு ஓர் உச்சவரம்பு விதித்தே ஆகவேண்டும். வரம்பில்லாவிடில், பேக்கப் நிரல் ஒன்று தன் பாக்கெட்டுகளின் மேல் குரலுக்குரிய 46 என்ற குறியைப் பொறித்துக்கொண்டு வந்த அன்றைக்கு, மற்றை வரிசைகள் அனைத்தும் பட்டினி கிடக்க நேரும்.

இனி, பெருங்குற்றம் என்று நான் கருதுவதைச் சொல்லவேண்டும். நெரிசல் எந்தக் கருவியில் உண்டாகிறதோ அந்தக் கருவியில்தான் வரிசைக் கொள்கை வேலை செய்யும். ஒரு கிளை அலுவலகம் 50 மெகாபிட் சந்தா கட்டியிருக்கிறது. சேவை நிறுவனமோ இணைப்பை 1 கிகாபிட் போர்ட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. தனக்கு 1 கிகாபிட் இருப்பதாகவே ரௌட்டர் எண்ணுவதால், அதில் வரிசை என்பதே உண்டாவதில்லை. வந்த பாக்கெட் வந்தவுடன் வெளியேறி, 50 மெகாபிட்டுக்கு மிஞ்சியது முழுவதும் சேவை நிறுவனத்தின் கருவியில் போய்க் குவிகிறது, அங்கே குரலென்றும் கோப்பென்றும் பேதமில்லாமல் வெட்டுண்கிறது. நிர்வாகி ‘ஷோ பாலிசி-மேப் இன்டர்ஃபேஸ்’ என்ற கட்டளையைக் கொடுத்துப் பார்க்கிறார். ஒவ்வொரு வகுப்பின் கீழும் டிராப் பூஜ்யம் என்று வருகிறது. கொள்கை செம்மையாக நடக்கிறதென்று திருப்தி அடைகிறார், தொலைபேசியில் குரல் மட்டும் விட்டு விட்டுக் கேட்கிறது. மொத்தப் போக்குவரத்தையும் 50 மெகாபிட்டுக்குச் சற்றுக் கீழே மட்டுப்படுத்தும் ஷேப்பிங் கொள்கை ஒன்றை மேலே வைத்து, வகுப்புகளை அதன் உள்ளே அமைத்தாலொழிய நெரிசல் நம் கருவிக்குள் வராது. உள்ளே வரும் திசையிலோ இதுவும் கைகொடுப்பதில்லை. அந்த வரிசை மறுமுனையில் இருப்பதால், அதனை ஆளும் அதிகாரம் நமக்கில்லை.

ஸ்விட்சுகளில் நேரும் இடர் வேறு விதமானது. சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 2960, 3560, 3750 வகைகளில் ‘எம்.எல்.எஸ். கியூ.ஓ.எஸ்.’ என்ற ஒற்றை வரி இல்லாத வரையில் பாக்கெட்டின் குறி மாறாமல் கடந்துபோகிறது. அவ்வரியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால், எந்தப் போர்ட்டையும் நம்பாத நிலை தொடங்கி, தொலைபேசி பொறித்து அனுப்பிய 46 வாசலிலேயே 0 ஆக அழிக்கப்படுகிறது. அத்துடன் வெளியேறும் போர்ட்டின் பஃபர் நான்கு வரிசைகளுக்கும் கால் கால் பங்காகப் பிரிந்துபோகிறது. குறியற்றுப்போன போக்குவரத்தெல்லாம் ஒரே வரிசையில் நெருக்கியடிக்க, பிற வரிசைகளின் பங்கு பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கிறது. முன்பு டிராப் இல்லாதிருந்த போர்ட்டில் இப்பொழுது டிராப் ஏறுகிறது. ஐந்து நிமிடச் சராசரியைப் பார்க்கும் நிர்வாகிக்கு லிங்க் ஏறக்குறைய ஓய்ந்திருப்பதாகவே தோன்றும். 1 கிகாபிட் சர்வரிலிருந்து 100 மெகாபிட் மேசைக் கணினிக்குச் சில மில்லி விநாடி பாயும் வெள்ளம் சராசரியில் தெரிவதில்லை. சேவைத்தரத்தைக் காக்கவென்று இட்ட வரியே அதனைக் கெடுத்தது என்று ஊகிக்க யாருக்குத்தான் மனம் வரும்? எந்தப் போர்ட்டின் குறியை நம்புவது, பஃபரை எப்படிப் பங்கிடுவது என்ற இரண்டையும் தீர்மானிக்காமல் அவ்வரியைத் தொடவே கூடாது என்பேன்.

குறி என்பதே நம்பிக்கையின்பாற்பட்டது. 1998இல் வந்த ஆர்.எஃப்.சி. 2474 ஆறு பிட்டுகளில் 64 குறிகளுக்கு இடமளித்தது. ஆனால் ஒரு நிர்வாகத்தின் எல்லையைக் கடந்ததும் அக்குறியை மதிக்கவேண்டிய கட்டாயம் அடுத்தவருக்கு இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இன்டர்நெட்2 அமைப்பு, எல்லை கடந்தும் செல்லுபடியாகும் உயர்தரச் சேவையைக் கியூபோன் என்ற திட்டத்தில் முயன்று பார்த்துக் கைவிட்டது. அதில் உழைத்த டைட்டல்பாமும் ஷலுனோவும் 2002இல் எழுதியதன் கருத்து எளிது: வாசல்தோறும் காவல் வைத்துக் கணக்குப் பார்ப்பதைவிட லிங்கை அகலப்படுத்துவது மலிவாகிறது.

குறியையே நாடாத வழியும் உண்டு. ஒவ்வொரு பிரவாகத்தையும் தனி வரிசையில் நிறுத்தி மாறி மாறி அனுப்பும் எண்ணத்தை 1985இல் ஜான் நேகிள் முன்வைத்தார். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்ஸனும் அமைத்த கோடெல், வரிசையின் நீளத்தைப் பாராமல் பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதைப் பார்த்து, காத்திருப்பு 5 மில்லி விநாடிக்குக் குறையாமல் நீடித்தால் பாக்கெட்டுகளை வீழ்த்தத் தொடங்குகிறது. இரண்டும் இணைந்த எஃப்.கியூ.-கோடெல், குறுகிய இணைப்புகளில் நிர்வாகியின் முன்னறிவை வேண்டாமலே குரலைக் காப்பாற்றிவிடுகிறது. ஆயினும் அலுவலக ஸ்விட்சுகள் பலவற்றின் சில்லுகளில் அதற்கு இடமில்லை; இந்த அழைப்புக்கு இவ்வளவு நிச்சயம் என்று உறுதி கூறவும் அதனால் இயலாது. ஆகையால் வகுப்புக் கொள்கை முற்றும் ஒழியும் என்று நான் நினைக்கவில்லை. அது சுருங்கவேண்டும் என்றே விரும்புகிறேன்.

2006இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 4594 பன்னிரண்டு வகுப்புகளை விவரிக்கிறது. பன்னிரண்டையும் ஒரு கிளை ரௌட்டரில் எழுதிவைத்தால், ஒவ்வொரு பிரிவின் தலைவரும் தம்முடைய மென்பொருளே அவசரமானது என்று வந்து நிற்க, ஓராண்டில் எல்லாமே உயர்ந்த வகுப்பாகிவிடும். குரல், நெட்வொர்க்கின் சொந்தக் கட்டுப்பாட்டுச் செய்திகள், சாதாரணம், கடைநிலை என நான்கு போதும். அவற்றுள்ளும் முதலில் எழுதவேண்டியது கடைநிலையே. உயர்ந்த குறியைப் பொய்யாகப் பொறித்துக்கொள்ள எவனும் ஆசைப்படலாம். தாழ்ந்த குறியைத் திருட எவனும் வரமாட்டான். வழியில் எங்கேனும் அக்குறி அழிந்துபோனாலும் பாக்கெட் சாதாரண வகுப்பில் சேருமேயன்றி வேறு கேடில்லை. முன்பு இதற்கு 8 என்ற குறி வழங்கியது. சில கருவிகள் அதைச் சாதாரணத்துக்கும் மேலாக நடத்தக்கூடுமாதலால், 2019இல் ஆர்.எஃப்.சி. 8622 அவ்விடத்தில் 1 என்ற குறியை வைத்தது. பேக்கப்பும் மென்பொருள் புதுப்பிப்புகளும் இவ்வகுப்பில் ஒதுங்கினாலே, பகல்வேளைத் தாமதத்தின் பெரும்பகுதி முன்னுரிமை எதுவும் தராமலே நீங்கிவிடக் காணலாம். ஆனால் பட்டினி போட்டால் இணைப்பே அறுந்து பேக்கப் பாதியில் நின்றுவிடும். ஆதலால் அதற்கும் ஐந்து சதவீதமாவது ஒதுக்கி, விடியுமுன் வேலை முடிகிறதா என்று சில இரவுகள் கவனித்த பின்னரே மற்றக் கிளைகளின் ரௌட்டர்களுக்கு அக்கொள்கையை விரிவாக்குவது தகும்.