ஓர் ஆயரின் குற்றப்பத்திரிகை

1552-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் செவில் நகரில் அச்சேறிய சிறு நூல் ஒன்று, நானூற்று எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் கத்தோலிக்கரை உறங்கவிடாது. பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ் எழுதிய 'இண்டீஸ் நாடுகளின் அழிவு குறித்த மிகச் சுருக்கமான உரை' என்பது அதன் பெயர். திருச்சபையின் பகைவர் புனைந்த அவதூறு என்று அதை ஒதுக்குவாரும் உண்டு. ஆனால் எழுதியவர் தோமினிக்கன் துறவி. மெக்சிகோவின் சியாப்பாஸ் மறைமாவட்ட ஆயராய் இருந்தவர். நூலை அவர் முதலில் எழுதியது 1542-இல். புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்த அதே ஆண்டில்!

லாஸ் காசாஸ் புனிதராகக் கப்பல் ஏறியவர் அல்லர். 1502-இல் குடியேற்றக்காரராக ஹிஸ்பானியோலா தீவுக்குச் சென்றார். குருவான பின்னும் பூர்வகுடி மக்களின் கட்டாய உழைப்பில் வாழ்ந்தார். 1511-ஆம் ஆண்டுத் திருவருகைக் காலத்தில், மோந்தேசினோஸ் என்னும் துறவி அக்கொடுமையைப் பிரசங்க மேடையிலிருந்தே கண்டித்தார். ஆயினும் லாஸ் காசாஸ் மனம் மாற மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின. 1514-இல் பெந்தெகொஸ்து மறையுரைக்கு ஆயத்தம் செய்கையில், ஏழையிடம் பறித்ததைக் காணிக்கையாக்குவோரைச் சாடும் சீராக்கின் ஞானம் 34-ஆம் அதிகாரம் அவர் நெஞ்சைத் தைத்தது. தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த மக்களைத் துறந்தார்.

நூலின் நடையை அழகு என்று நம்மால் சொல்ல இயலவில்லை. நாடு நாடாகச் செல்கிறது. ஒரே கொடுமை, ஒரே சொற்கள், வாசிப்போர் சலிக்குமளவு திரும்பத் திரும்ப வருகின்றன. கொடியவர் பெரும்பாலோரின் பெயரைக்கூட அவர் குறிப்பதில்லை. 'கொடுங்கோலன்' என்பதோடு நிறுத்திவிடுகிறார். இதனால் குற்றம் ஒரு சிலரின் தலையோடு போகாமல் ஓர் அமைப்பு முழுவதன்மீதும் விழுகிறது. குறை போலத் தோன்றும் இதையே நாம் நூலின் வலிமையாகக் கருதுகிறோம்.

சலிப்பூட்டும் அந்நடை ஓரிடத்தில் மாறுகிறது. வெனிசுவேலாக் கரையில் முத்துக்குளித்தோரைப் பற்றிய பகுதி அது. விடியல் முதல் கதிரவன் சாயும்வரை மூன்று, நான்கு, ஐந்து பாக ஆழத்தில் மூழ்கவேண்டும். மூச்சு வாங்க மேலே வந்து சற்றே தாமதித்தால் அடி. சுறாவுக்கு இரையானோர் பலர். தப்பியோடாதிருக்க இரவில் காலுக்குத் தொழுமரம். உப்பு நீரில் தலைமயிர் வெந்து நிறம் மாறியதையும், முதுகில் உப்புப் படிந்ததையும், வாயில் குருதி கொட்டியதையும் அவர் எழுதுகிறார். முத்தின் பெயரால் அழைக்கப்படும் கடற்கரையில் விசுவாசம் பெற்ற மக்கள் இப்பகுதியை வாசிக்காமல் விடுவது தகுமோ?

எண்ணிக்கையில் அவரை அப்படியே நம்ப இயலாது. நாற்பது ஆண்டுகளில் ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்கிறார். 1518-இன் இறுதியில் தீவுகளை எட்டிய பெரியம்மையின் பங்கை அவர் கணக்கிலெடுத்ததாகத் தெரியவில்லை. பூர்வகுடியினர் அனைவரும் ஆடுகள், ஸ்பானியர் அனைவரும் ஓநாய்கள் என்னும் சித்திரமும் உண்மையைச் சுருக்கிவிடுகிறது. ஸ்பெயினின் எதிரிகளுக்கு இது வாய்ப்பாயிற்று: 1578-இல் டச்சு மொழியிலும், 1583-இல் ஆங்கிலத்திலும் நூல் வெளிவந்தது. 1598-இல் பிராங்க்பர்ட் பதிப்புக்குப் படம் செதுக்கிய தெ ப்ரி அமெரிக்காவைக் கண்டவரே அல்லர். ஆனாலும் பகைவர் பயன்படுத்தினர் என்பதால் சாட்சியம் பொய்யாகிவிடுமா? எண்ணைக் குறைத்துவிட்டு மனச்சான்றையும் குறைத்துக்கொள்ளும் மதிப்புரைகள் நமக்கு உடன்பாடல்ல.

நமக்குக் கடினமாயிருப்பது வேறொன்று. பூர்வகுடியினரைக் காக்க, அவர்களுக்குப் பதிலாக அடிமைகளை, கறுப்பினத்தவரையும் சேர்த்து, தருவிக்கலாம் என்று 1516-இல் அரசுக்குப் பரிந்துரைத்தவரும் இவரே. இச்சிறு நூலில் அம்மக்களின் துயருக்கு இடமில்லை. பின்னாளில், ஆப்பிரிக்கரை அடிமையாக்குவதும் அதே அளவு அநீதி என்று உணர்ந்தார். தம் பெருநூலான 'இண்டீஸ் வரலாறு' நூலில் தம்மைத் தாமே குற்றவாளியாக்கினார். அந்தக் கையெழுத்துப் படியை 1559-இல் வல்யதோலித் நகரின் புனித கிரகோரியார் கல்லூரியில் ஒப்படைத்து, நாற்பது ஆண்டுகள் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டார். 1566-இல் இறந்தார். பிறரைக் குற்றஞ்சாட்டிய நூல் மொழி மொழியாகப் பரவிக்கொண்டிருக்க, தம்மையே குற்றஞ்சாட்டிய நூல் 1875-இல்தான் அச்சேறத் தொடங்கியது.