புது செட்டும் பழகிய கையும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் செல்லும் சாலையில் கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும்தான் கண்ணை நிறைக்கும். புல்வெளிக்கோ பந்துக்கோ அங்கே இடமிருப்பதாகத் தோன்றாது. ஆனால் அந்தத் தொழிற்சாலைகளின் மேலாளர்கள் ஓட்டிவரும் கார்களின் டிக்கியைத் திறந்து பார்த்தால் பலவற்றில் ஒரு நீளமான பை படுத்திருக்கும். சனிக்கிழமை விடியலில் அந்தக் கார்கள் கிண்டிக்கோ நந்தனத்துக்கோ கிளம்பிவிடும். சென்னையின் 18 குழி மைதானங்கள் அங்கேதான் இருக்கின்றன: கிண்டி ரேஸ் கோர்ஸுக்குள் ஜிம்கானா கிளப்புடையது ஒன்று, நந்தனத்தில் காஸ்மோ டி.என்.ஜி.எஃப். மைதானம் மற்றொன்று.

இந்தப் பழக்கம் இங்கே வந்த வழி தெளிவானது. 1998 ஜூலையில் கொரியாவின் பாக் சே-ரி அமெரிக்க மகளிர் ஓபனை வென்றார். அந்த நாட்டையே கோல்ஃப் பித்துப் பிடித்துக்கொண்டது. அதே ஆண்டின் பிற்பாதியில்தான் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்தது. காரோடு கொரிய மேலாளர்கள் வந்தார்கள், அவர்களோடு கோல்ஃபும் வந்தது. 2010இல் ரெனோ-நிசான் ஒரகடத்தில் ஆலை திறந்தபோது ஜப்பானியர் எண்ணிக்கையும் கூடியது. அந்த ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் கம்பெனிகளின் நம்மூர் என்ஜினியர்கள், 35, 40 வயதில் முதன்முதலாக ஒரு கோல்ஃப் ஸ்டிக்கைக் கையில் எடுத்தார்கள். கிரிக்கெட் மட்டையோடு வளர்ந்த கைகள் அவை.

அப்படி வருகிறவர் செய்யும் முதல் பெரிய செலவு புது செட். அதை வாங்கும் முறையில் நமக்கும் இலங்கைக்கும் பெரிய வேறுபாடு உண்டு. பக்கத்துப் பக்கத்து நாடு, ஒரே வெள்ளைக்காரன் விட்டுப்போன விளையாட்டு, ஒரே வெயில். ஆனாலும் ஸ்டிக் கைக்கு வந்து சேரும் பாதை வேறு.

இங்கே முடிவெடுப்பது எண்கள். கடையில் வலைக்கு முன்னால் நிறுத்தி, ஒரு கருவியை வைத்து, பந்து கிளம்பிய வேகம், கோணம், சுழற்சி எல்லாவற்றையும் திரையில் காட்டுகிறார்கள். நாள் முழுக்க அளவும் டாலரன்ஸும் பார்த்துக்கொண்டிருக்கும் தொழிற்சாலைக்காரருக்கு இது உடனே பிடித்துப்போகிறது. பழைய 7 எண் அயர்னில் 130 கஜம் போனது, புதியதில் 145 போகிறது என்று திரை சொன்னதும் கார்டை நீட்டிவிடுகிறார். முழு செட்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும்.

அந்த 15 கஜம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1980களின் செட்களில் 7 எண் அயர்னின் முகச் சாய்வு 36 டிகிரி அளவில் இருந்தது. இன்று புதிதாக ஆடுகிறவர்களுக்கென்று வரும் செட்களில் பலவற்றில் அது 30 டிகிரிக்கும் கீழே போய்விட்டது. அடிப்பாகத்தில் எடையை இறக்கி வைத்திருப்பதால் சாய்வு குறைந்தாலும் பந்து மேலே எழும்புகிறது, அது உண்மையான முன்னேற்றம்தான். ஆனால் தூரத்தில் கூடியதில் பெரும்பங்கு, பழைய 5 எண்ணின் சாய்வில் 7 என்று பொறித்திருப்பதால் வந்தது. இதன் பின்விளைவு பையின் இன்னொரு முனையில் தெரியும். பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரிக்கு இறங்கிவிடும், பழைய சாண்ட் வெட்ஜ் 56 டிகிரியிலேயே இருக்கும். நடுவில் 13 டிகிரி பள்ளம். கிரீனுக்கு 90 கஜம் இருக்கும்போது கையில் எடுக்க ஒன்றுமே இருக்காது. புது செட் வாங்குகிறவர்கள் 7 எண்ணை மட்டும் அடித்துப் பார்க்காமல், வெட்ஜுக்கும் வெட்ஜுக்கும் இடையே எத்தனை டிகிரி என்று கேட்டுவிட்டுத்தான் பணத்தை எண்ண வேண்டும். 4, 5 டிகிரி இடைவெளி சரியாக இருக்கும்.

இலங்கையில் நான் பார்த்த அமெச்சூர்களிடம் இந்த அவசரம் இல்லை. அதற்குக் காரணம் ஒரு பகுதி வசதி, ஒரு பகுதி வலி. கொழும்பில் 1879இல் தொடங்கிய றோயல் கொழும்பு கோல்ஃப் கிளப், 1889இன் நுவரெலியா கிளப், கண்டிக்கு அருகே திகனையில் விக்டோரியா, அம்பாந்தோட்டையில் ஷங்ரி-லா என்று 18 குழி மைதானங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் அறிவார்கள். யார் பையில் என்ன இருக்கிறது, யார் மாற்றப்போகிறார் என்பது கிளப் முழுக்கத் தெரியும். ஒரு செட் கைமாறும்போது வாங்குகிறவரின் சுவிங்கைப் பல மாதங்களாகப் பார்த்த, பை தூக்கும் ஒரு கேடியோ பயிற்சி தரும் புரோவோ அருகில் இருக்கிறார். "இது உங்களுக்குப் பாரம், சேர்" என்று அவர் சொன்னால் பேச்சு அத்துடன் முடிந்தது.

வலி 2022இல் வந்தது. அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்த இலங்கை நாணயம் மே மாதம் 360க்குப் போனது. 500 டாலர் பெறுமதியான செட் ஒரு லட்சத்திலிருந்து ஒரு லட்சத்து எண்பதாயிரமானது, அதற்கு மேல் வரி, இறக்குமதிக் கட்டுப்பாடு. அரிசிக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற நாட்டில் கோல்ஃப் ஸ்டிக்கைப் பற்றிக் கவலைப்படுவது சிலருக்கு உறுத்தலாம். ஆனால் அந்தக் காலம் ஆடுகிறவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததை மறுக்க முடியாது. பழைய தலையை வைத்துக்கொண்டு கிரிப்பை மட்டும் மாற்றினார்கள், சிலர் ஷாஃப்டை மட்டும் மாற்றினார்கள். செட் புதிதாக வேண்டும் என்ற எண்ணத்தைவிட இதில் எது எனக்குப் பொருந்தவில்லை என்ற கேள்வி முன்னால் வந்தது. இந்தக் கேள்வி நம் பக்கத்தில் அநேகமாகக் கேட்கப்படுவதே இல்லை.

பொருத்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது நீளமும், ஸ்டிக் தரையில் அமரும்போது ஷாஃப்ட் சாய்ந்து நிற்கும் லை கோணமும். கடையில் தொங்கும் ஆண்கள் செட் ஏறக்குறைய 5 அடி 9, 10 அங்குல உயரமுள்ளவரை மனதில் வைத்துச் செய்தது. நம் ஊரிலும் இலங்கையிலும் 5 அடி 5, 6 அங்குலக்காரர்கள்தான் அதிகம். அவர்கள் அதைப் பிடிக்கும்போது கைகள் தாழ்ந்து, ஸ்டிக்கின் மூக்கு தரையை விட்டு எழும்பும். வலக்கைக்காரர் அடித்த பந்து இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். தன் சுவிங்கில்தான் கோளாறு என்று நினைத்து மாதக்கணக்கில் அதைத் திருத்தப் பார்ப்பார்.

இதைக் கண்டுபிடிக்கக் காசு கொடுத்து வாங்கும் கருவி எதுவும் வேண்டாம். பந்தில் மார்க்கர் பேனாவால் கனமாக ஒரு செங்குத்துக் கோடு போட்டு, அந்தக் கோடு ஸ்டிக்கின் முகத்தைப் பார்த்திருக்கும்படி வைத்து அடிக்க வேண்டும். மை முகத்தில் ஒட்டிக்கொள்ளும். கோடு நேராக நின்றால் லை சரி. கோட்டின் மேல்முனை மூக்குப் பக்கமாகச் சாய்ந்திருந்தால் மூக்கு தூக்கியிருக்கிறது என்று பொருள். ஒரகடத்து டூல் ரூமில் வேலை செய்கிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம். டையின் இரு பாதிகள் எங்கே உட்காருகின்றன, எங்கே உட்காரவில்லை என்று நீல மையைத் தடவிப் பார்ப்பது அவருடைய அன்றாட வேலை. அதே கண்ணோடு தன் 7 எண் அயர்னின் முகத்தையும் பார்த்தால் போதும். மென்மையான கார்பன் எஃகில் ஃபோர்ஜிங் செய்த தலையென்றால் ஒன்றிரண்டு டிகிரி வளைத்துக்கொள்ளலாம். 17-4 ஸ்டெயின்லெஸ்ஸில் வார்த்த தலை அவ்வளவு எளிதில் இணங்காது. எனவே வாங்குவதற்கு முன்னாலேயே இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

இந்தத் தொழில் வழித்தடத்துக்கென்று ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. மூன்று, நான்கு ஆண்டு முடித்து ஊர் திரும்பும் ஜப்பானிய, கொரிய மேலாளர்கள் தங்கள் செட்டை இங்கேயே விற்றுவிட்டுப் போவது உண்டு. ஜப்பானிய, கொரியச் சந்தைகளுக்கென்று செய்யப்படும் ஸ்டிக்குகளில் ஷாஃப்ட் எடை குறைவு. விறைப்பைக் குறிக்கும் எஸ் என்று எழுதியிருந்தாலும் அமெரிக்க எஸ்ஸைவிட வளைவு கூடுதல். நம் உடல்வாகுக்கு இவை பெரும்பாலும் பொருந்தும். பளபளக்கும் அமெரிக்கப் பதிப்பை முழு விலைக்கு வாங்குவதைவிட, சக ஊழியர் விட்டுச்செல்லும் இந்த செட்டை ஒரு மாதம் இரவல் வாங்கி ஆடிப் பார்ப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. இலங்கைக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது இதைத்தான்.

அடுத்தது மண். கொழும்பில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை, சென்னையில் 1,400 அளவில். நமக்கு வருவதில் பெரும்பகுதியும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். கொழும்பில் புல்லுக்குக் கீழே ஈரமும் நெகிழ்வும் இருக்கும் நாட்கள் அதிகம். அங்கே அடிப்பாகம் அகன்று, பவுன்ஸ் எனும் அடிப்பாகச் சாய்வு 12 டிகிரி வாக்கில் உள்ள வெட்ஜ் மண்ணில் புதையாமல் வழுக்கிக்கொண்டு போகும். அதே வெட்ஜை சித்திரை வெயிலில் காய்ந்த சென்னை ஃபேர்வேயில் வைத்தால் தரையில் மோதித் துள்ளி, பந்தின் இடுப்பில் அடிக்கும். பந்து கிரீனைத் தாண்டி ஓடும். நமக்கு 6 முதல் 8 டிகிரி பவுன்ஸ் போதும். மணல் குழிக்கு மட்டும் அகன்றது ஒன்று வைத்துக்கொள்ளலாம். இந்தியாவின் சிறு ஊர்களிலும் படைப்பிரிவு மைதானங்களிலும் புல் கிரீனுக்குப் பதிலாக எண்ணெய் கலந்த மணலில் அமைத்த பிரவுன்ஸ் இருப்பதும் உண்டு. அதில் பந்து உருளும் வேகமே வேறு, புட்டரின் எடையைக்கூட அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறார்கள்.

இரண்டு நாடுகளுக்கும் பொதுவான ஒரு சோதனைக்களம் மலை. அவர்களுக்கு நுவரெலியா, கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். நமக்கு ஊட்டி, 2,240 மீட்டர். காற்று மெலிந்திருப்பதால் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 2 சதவீதம் தூரம் கூடும் என்பது ஆட்டக்காரர்களின் கணக்கு. கொழும்பில் 140 கஜம் போகும் ஸ்டிக் நுவரெலியாவில் 155ஐத் தொடும். புது செட்டின் தூரங்களை மனப்பாடம் செய்துகொண்டு மேலே போகிறவர் முதல் சில குழிகளில் தடுமாறிப்போவார். அங்கே பை தூக்கும் மலையகத் தமிழர் ஒருவர், பந்துக்குப் பின்னால் நின்று கொடியைப் பார்த்துவிட்டு, "ஏழு வேணாம் சேர், எட்டு எடுங்க. அதையும் முழுசா அடிக்காதீங்க" என்றார். எந்தத் திரையும் அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லாது.

கேடிகளைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்டிக்கோடு பழகுவதில் இரு நாட்டிலும் ஆசான்கள் அவர்களே. பெங்களூருவில் கேடியாக இருந்த சி. முனியப்பா 2009இல் இந்தியன் ஓபனையே வென்றார். கல்கத்தா மைதானத்துப் பராமரிப்பாளரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா ஆசிய அளவில் எழுந்தார். இலங்கையில் தொழில்முறை ஆட்டக்காரர் நந்தசேன பெரேராவின் மகன் மிதுன் பெரேரா, அனுர ரோஹண, தமிழர்களான என். தங்கராஜா, கே. பிரபாகரன் ஆகியோர் 2006இல் தொடங்கிய இந்தியத் தொழில்முறைச் சுற்றான பி.ஜி.டி.ஐ.யில் ஆடுகிறார்கள். சொந்த செட் என்று எதுவும் இல்லாமல் மற்றவர் பையைச் சுமந்து, கிடைத்த ஸ்டிக்கில் அடித்துப் பழகி மேலே வந்தவர்கள் இரு நாட்டிலும் உண்டு. லட்ச ரூபாய் செட்டைத் தோளில் மாட்டிவரும் நாம், பையைக் கேடியிடம் கொடுக்கும்போது, எதை எடுக்கலாம் என்ற கேள்வியையும் சேர்த்துக் கொடுப்பது நமக்கு நல்லது. சென்னையில் ட்ராலியைத் தள்ளச் சொல்லிவிட்டுக் கைபேசியில் தூரம் பார்ப்பவர்களைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பழகும் முறையிலும் இலங்கையின் நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே நாளில் பழையதை எல்லாம் தூக்கிப் போடாமல், முதலில் வெட்ஜும் 9 எண்ணும் மட்டும் மாற்றி, அரை சுவிங்கில் அடித்துப் பழகிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக நீளமானவற்றுக்குப் போகிறார்கள். டிரைவர் கடைசியில். நாமோ டிரைவரில் தொடங்குகிறோம். பையிலேயே நீளமானதும் அடங்காததும் அதுதான். கிரிப்பும் அப்படியே. நம் இரண்டு ஊர்களின் வியர்வையில் புது ரப்பர் வழுக்கும். வழுக்கும் என்று பயந்து இறுக்கிப் பிடித்தால் முழங்கை விறைத்துவிடும், உள்ளங்கையில் கொப்புளம் வரும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கிரிப்பைத் தேய்த்துக் கழுவித் துடைப்பதும், நூல் கலந்த கார்டு கிரிப்புக்கு மாறுவதும் எளிய வழிகள். இடக்கையால் பிடித்தால் விரல் நுனிகள் உள்ளங்கையை லேசாகத் தொட வேண்டும். அழுத்திக் குத்தினால் கிரிப் மெலிது, எட்டவே இல்லையென்றால் தடிமன்.

இத்தனையும் செய்ய அடித்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும். கொழும்பை ஒட்டி பத்தரமுல்லையில் வாட்டர்ஸ் எட்ஜ் என்ற 18 குழி மைதானம் இருந்தது. பொதுத் தேவைக்கென்று எடுத்த நிலம் தனியாருக்குப் போனது தவறு என்று 2008 அக்டோபரில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, நிலம் அரசிடம் திரும்பியது. 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கிண்டி ரேஸ் கிளப்பின் 160 ஏக்கர் குத்தகையை ரத்து செய்தது. ஜிம்கானாவின் மைதானம் அந்த நிலத்துக்குள்தான் இருக்கிறது, விவகாரம் நீதிமன்றம் ஏறியது. இத்தகைய நிலங்களில் ஏரியும் பூங்காவும் அமைவது நகரத்துக்கு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கோல்ஃப் பழக 200 ஏக்கரும் உறுப்பினர் கட்டணமும் தேவையில்லை. 250 கஜ நீளத் திடலும் வலையும், பக்கத்தில் ஒரு சிறு புட்டிங் கிரீனும் போதும். சிப்காட்டின் ஒரகடம் வளாகத்தில் அப்படி ஒன்றைப் பொதுவில் அமைத்து, மணிக்கணக்கில் கட்டணம் வாங்கினால் மேலாளரும் டெக்னீஷியனும் ஒரே வரிசையில் நின்று அடிப்பார்கள். கிண்டியிலும் நந்தனத்திலும் பை தூக்கும் அனுபவசாலிகளுக்கு அங்கே பயிற்சியாளர் வேலையும் கிடைக்கும்.